ஆவணிக்குப் போன லேப்டாப்

எங்கள் வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தது ஆடி மாதத்தில். அதில் என் தவறு ஒன்றும் இல்லை. ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கும் ஒரு நிறுவனம், போனிலேயே என்னைத் துருவித் துருவிக் கேள்வி கேட்டது. கடைசியில், "டெமோ கிளாஸ் ஒண்ணுதான் மேடம் பாக்கி, அது லேப்டாப்லதான் எடுக்கணும்" என்று சொல்லி அவர்களே நாளையும் குறித்துவிட்டார்கள். குறித்தவர்கள் சென்னைக்காரர்கள். அவர்களுக்கு ஆடி என்றால் தள்ளுபடி.

என் வீட்டுக்காரருக்கு ஆடி என்றால் ஆடி. அந்த மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. கோயிலைச் சுற்றலாம், கூழ் ஊற்றலாம், எங்கள் ஊர் அம்மனின் தபசுத் திருவிழா பார்க்கலாம். தொழில் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் இதை வெறும் பழக்கமாகச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்குத் துண்டு நெய்யும் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் ஆறு ஓடின. சல்லிசாக வருகிறதே என்று ஒரு ஆடியில் இரண்டு தறிகளைக் கூடுதலாக இறக்கினார். அந்தத் தீபாவளிக்கே ஆர்டர் படுத்துவிட்டது. இரண்டையும் பழைய இரும்பு விலைக்கு ஏற்றிவிட்ட அன்று மனிதர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதன் பிறகு ஆடியில் அவர் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்குவதில்லை.

என் கதை வேறு. இந்த ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அத்தை, என் மாமியார், படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். பார்த்துக்கொண்டது பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருத்தமே வந்தது. காலை வேலை முடிந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் வீட்டில் எனக்கு வேலை இல்லை. தெருவில் எல்லாரும் இன்னமும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கீரைக்காரர் "டீச்சர், அரைக்கீரை" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும். பிள்ளைகளே இல்லாத டீச்சர் என்ன டீச்சர்? இந்த வேலை எனக்கு வேண்டும். பொழுதுபோக்குக்கு இல்லை, உண்மையாகவே வேண்டும். போனில் பேசிய பெண் வேறு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு டெமோதான் மேடம். பாதியில கட் ஆச்சுன்னா அடுத்த கேண்டிடேட்டுக்குப் போயிடும்."

நானே வாங்கி வந்த லேப்டாப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே வீட்டில் வழக்கு தொடங்கியது.

"ஆவணி ஒண்ணாந்தேதி பாத்துக்கிடுவோம்" என்றார் இவர்.

"அவங்க என்ன எனக்காகக் காத்துக்கிட்டா இருக்காங்க? 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு சொன்னவனும் நம்ம ஆளுதான?"

"அது விதைக்கு. இது கம்ப்யூட்டருக்கு."

வாதத்தில் அவர் இப்படித்தான். நான் நாலு வார்த்தை சொன்னால் அவர் ஒன்று சொல்வார், அந்த ஒன்றோடு வழக்கு முடிந்துவிடும். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சாம்பாரும் தயிரும் மட்டும் இருவருக்கும் நடுவில் போய் வந்தன. பிறகு அவரே இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையோ என்னவோ.

"ஏட்டி, பரஸ்தானம் வைக்கிறதில்லையா? அது மாதிரி செய்வோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அது உண்டு. நாள் சரியில்லாத அன்று ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்றால், முன்னாடியே ஒரு நல்ல நாளில் துணிப்பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம். சாமியை ஏமாற்றுகிற வேலைதான். ஆனால் சாமிக்கும் தெரிந்தே நடக்கிற ஏமாற்று.

"லேப்டாப்பக் கொண்டு பக்கத்து வீட்டுல வைக்கப் போறியளா?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல என்னத்துக்கு? பக்கத்து மாசத்துல வைப்போம்."

தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் தூக்கிப் புரட்டி, ஆவணியில் வருகிற முதல் வளர்பிறை முகூர்த்தத்தைக் கண்டுபிடித்தார். போனில் தேதி மாற்றத் தெரிந்தவர் என்பதால் லேப்டாப்பிலும் துழாவிக் கண்டுபிடித்துவிட்டார். தானாக நேரம் வைத்துக்கொள்ளும் பொத்தானை அணைத்து, தேதியை அந்த முகூர்த்த நாளுக்குத் தள்ளினார். நேரத்தைக்கூட நல்ல நேரமாகப் பார்த்தே வைத்தார். மூடிக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், ஒரு சூடம். "இனி இது ஆவணில இருக்கு. நீ எப்ப வேணும்னாலும் தொடங்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. அவருக்கும் மனசு சமாதானம், எனக்கும் லேப்டாப். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்று மாலையே தொல்லை ஆரம்பித்துவிட்டது.

வீட்டு வைஃபையில் லேப்டாப் போய் ஒட்டிக்கொண்டது. மூலையில் விசிறி மாதிரி இருக்கும் அந்தக் குறி நன்றாகவே தெரிந்தது. வீடியோ ஒன்று ஓடியது, பாட்டுக் கேட்டது. ஆனால் நிறுவனத்தின் வகுப்புப் பக்கத்தைத் திறந்தால் சிவப்பாக ஒரு முக்கோணம். இணைப்பு பாதுகாப்பானதில்லை, உங்கள் கடவுச்சொல்லையும் கார்டு விவரத்தையும் யாராவது திருடப் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். என்னிடம் திருட என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. வகுப்புக்காக இறக்கச் சொன்ன செயலியோ இன்னும் மோசம். வட்டம் சுற்றும், சுற்றும், பிறகு "இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். ஆடிக்கு ஒரு தடவை அமாவாசைக்கு ஒரு தடவை என்பார்களே, அந்த மாதிரி ஏதோ ஒரு பக்கம் திறக்கும், அடுத்தது திறக்காது. எது திறக்கும் எது திறக்காது என்பதற்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

அணைத்துப் போட்டேன். வைஃபை பெட்டியைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. தறி வீடுகளில் எதையும் திறந்து வைக்க மாட்டோம். பஞ்சுத் தூசி டிவிக்குள் போகும், மிக்ஸிக்குள் போகும், நாம் குடிக்கிற காப்பிக்குள்ளும் போகும். அதனால் எல்லாவற்றுக்கும் சட்டை போட்டிருப்போம். சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பெட்டிக்கு மூச்சு வந்ததே தவிர வகுப்புப் பக்கம் வரவில்லை.

இணைய இணைப்புக் கொடுத்த ஆபீசுக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு ஒரு அண்ணாச்சி வந்தார். வயரை இழுத்துப் பார்த்தார், பெட்டியில் பச்சை விளக்குகளை எண்ணினார், லேப்டாப்பில் வேகத்தைச் சோதித்தார். திரையில் ஊசி மாதிரி ஒரு கம்பி கடைசி வரை பாய்ந்து நின்றது.

"லைனு பக்காவா இருக்குக்கா."

"அப்ப இது ஏன் அண்ணாச்சி திறக்க மாட்டேங்குது?"

சிவப்பு முக்கோணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தபசுக்கு ஊருக்குள்ள எம்புட்டுக் கூட்டம் பாத்தியளா? எல்லாவனும் போனைத் தூக்கி வீடியோ எடுக்கான். நெட்டு எங்கன இருந்து வரும்? தபசு முடியட்டும், தன்னால சரியாயிரும்."

தபசு நேரத்தில் எங்கள் ஊரில் எதற்கும் இதுதான் காரணம். பால் திரிந்தாலும் தபசுக் கூட்டம், தையற்காரர் ரவிக்கை தரவில்லை என்றாலும் தபசுக் கூட்டம். லைன் பக்கா என்று சொன்ன வாயாலேயே நெட்டு வராது என்றும் சொல்கிறாரே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

லேப்டாப் வாங்கிய திருநெல்வேலிக் கடைக்குப் போன் போட்டால், "மிஷின்ல ஒண்ணும் இருக்காது மேடம், உங்க லைன்ல பாருங்க" என்றார்கள். லைன்காரர் கூட்டத்தைக் கைகாட்டுகிறார், கடைக்காரர் லைனைக் கைகாட்டுகிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். பெட்டி வரை இணையம் வருகிறது, வகுப்பு வரை போக மாட்டேன் என்கிறது. இதில் சாமி யார் பூசாரி யார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தபசு அன்று தறி ஓடாது. இவர் காலையிலேயே குளித்துவிட்டுக் கோயில் பக்கம் போய்விட்டார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வீட்டு வைஃபையே வேண்டாம், போனிலிருந்து இணைப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு யோசனை. கீழே பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்கள் பருத்தியும் மிளகாயும் மடியில் கட்டிக்கொண்டு, அம்மன் தபசுக் காட்சியில் நேர்த்திக்கடனாக வீசுவதற்குப் போனார்கள். போன் இணைப்பு ஊர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து அதே சிவப்பு முக்கோணத்தில் வந்து நின்றது.

மாடியில் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு டெமோ. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, என்னால் முடியவில்லை, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். போனைக் கையில் எடுத்தும் விட்டேன். எடுத்தவள், சொல்வதற்கு முன் அதே வகுப்புப் பக்கத்தைப் போனில் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. நீலத் தலைப்போடு, என் பெயரோடு, நாளைய வகுப்போடு.

அழுகையை நிறுத்திவிட்டேன். போனும் அதே இணையம், லேப்டாப்பும் அதே இணையம். ஒன்றில் திறக்கிறது, ஒன்றில் திறக்கவில்லை. அப்படியானால் லைனில் குறை இல்லை, தபசுக் கூட்டத்திலும் இல்லை. குறை இந்தப் பெட்டிக்குள்தான்.

வகுப்பில் நான் செய்வது ஒன்று உண்டு. ஒரே கணக்கை இரண்டு பிள்ளைகள் போட்டு, ஒருத்திக்கு விடை சரியாகவும் இன்னொருத்திக்குத் தப்பாகவும் வந்தால் நான் திருத்த மாட்டேன். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி பாருங்கள், எங்கே பிரிகிறீர்கள் என்று கேட்பேன். பிரிகிற இடத்தில் தப்பு இருக்கும். அதையே செய்தேன். கீழே இறங்கி, வைஃபையில் இரண்டையும் இணைத்து, சாப்பாட்டு மேஜையில் போனையும் லேப்டாப்பையும் ஒட்டி வைத்தேன். அதே வைஃபை. அதே முகவரி, எழுத்துக்கு எழுத்து. அதே கடவுச்சொல். பிறகு திரையின் ஓரங்களைப் பார்த்தேன். போனில் ஆடி. லேப்டாப்பில் ஆவணி.

ஒரு வாரமாக அந்தத் தேதி என் கண்ணெதிரே வலது மூலையில் உட்கார்ந்திருந்தது. நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், சிரித்தேன், அடுத்த வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் வேகம், காலண்டர் தாள் எப்போதும் இரண்டு நாள் பின்னால், அத்தையின் பழைய அலாரம் நின்றே போய்விட்டது. தேதி தப்பாக இருப்பதால் எங்கள் வீட்டில் எதுவும் நின்றதில்லை.

போனிலேயே தேடிப் படித்தேன். விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு இணையப் பக்கமும் ஒரு அடையாள அட்டையைக் காட்டுமாம். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்குமாம். லேப்டாப் தன் கடிகாரத்தைப் பார்த்து அந்த அட்டையைச் சரிபார்க்கும். சிலவற்றின் அட்டை ஆவணி தாண்டியும் செல்லும், அவை திறந்தன. நிறுவனத்தின் அட்டை அதற்கு முன்பே முடிகிறது போலிருக்கிறது. காலாவதி ஆகாத பஸ் பாஸைக் காலாவதி என்று சொல்லிக் கண்டக்டர் இறக்கிவிடுகிற மாதிரி, இந்த லேப்டாப் ஒரு வாரமாக என் வகுப்பை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம், அதன் மேலும் குற்றமில்லை. அதை ஆவணியில் கொண்டுபோய் விட்டது நாங்கள்.

பொத்தானை உடனே தட்டவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். கை போய்விட்டுத் திரும்பி வந்தது. தட்டினால் லேப்டாப் ஆடிக்கு வந்துவிடும். நான் ஆடியில் தொடங்கியதாக ஆகிவிடும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாதுதான். ஆனால் அந்த இரண்டு தறிகளும் வண்டியில் ஏறிய அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் அவர் நெற்றியில் கோயில் புற்றுமண்ணும் கையில் பூவுமாக வந்தார். கோயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் போய் இதைப் போட எனக்கு வாய் வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் வீட்டு வேலை என்னை விடவில்லை. உட்கார்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. பொத்தானைத் தட்டினேன். லேப்டாப் கண் மூடித் திறப்பதற்குள் ஆடிக்கு வந்துவிட்டது. வகுப்புப் பக்கம் திறந்தது. நீலத் தலைப்பு, என் பெயர், எல்லாம். செயலியும் திறந்தது. காதில் ஹெட்போனை மாட்டியதும் சென்னைப் பெண் வந்துவிட்டாள்.

"குட் மார்னிங் மேடம், மைக் செக் பண்ணிக்கலாம். மேடம்... நீங்க ட்ரெயின்ல வந்துட்டிருக்கீங்களா?"

"இல்லையே, வீட்டுலதான் இருக்கேன்."

"ரொம்பச் சத்தமா இருக்கு மேடம். கொஞ்சம் அமைதியான ரூமுக்குப் போயிடுங்க. பேரண்ட்ஸும் பார்ப்பாங்க."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம், காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. அமைதியான அறை என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. கொட்டகைக்கும் மேஜைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர்.

எழுந்து கொட்டகைக்குப் போனேன். இவர் மூன்றாம் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். தறி ஓட்டும் அக்கா எதிர் வரிசையில் நின்றார்.

"தேதியை மாத்திட்டேன்" என்று கத்தினேன்.

"என்னது?"

"லேப்டாப் தேதி. ஆடிக்குக் கொண்டுவந்துட்டேன்."

"கேக்கல. என்ன சொல்லுத?"

அவரே போய்க் கொட்டகையின் மெயின் சுவிட்சை அமர்த்தினார். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதியில் என் குரல் ஏதோ குற்றம் செய்தவள் குரல் மாதிரி எனக்கே கேட்டது. "இத்தனை நாளா நெட்டு கிடைக்காததுக்கு அந்தத் தேதிதான் காரணம். ஆவணில இருந்தா வகுப்பு திறக்காது. ஆடிக்கு மாத்திட்டேன். இப்ப வகுப்பு ஆரம்பிக்கப் போகுது."

அவர் கையிலிருந்த இழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொன்னாக் கேக்க மாட்டியே" என்றார் மெதுவாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கேட்டேன். கேட்டதுனாலதான் ஒரு வாரம் நாயாப் பேயா அலைஞ்சேன். இனிமே கேக்கதுக்கு நேரம் இல்ல."

சத்தம் ஆகாது, ஒரு மணி நேரம் தறியை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பிவிட்டேன். வீம்பு. வேலை நாளில், வேலை நேரத்தில், தறியை நிறுத்து என்று அந்த மனிதரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்ச நேரத்தில் மெயினைப் போடுவார், ரயில் கிளம்பிவிடும், என் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு சின்னப் பெண் வந்தாள். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. கடையநல்லூர்க் குடும்பம், இப்போது வளைகுடாவில் இருக்கிறார்கள். பின்னால் அவள் அம்மாவின் முந்தானை மட்டும் தெரிந்தது. பாடம் பின்னம். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டேன்.

"நாலுல ஒண்ணு" என்றாள் யோசிக்காமல். "நாலுதானே பெருசு."

பாடம் எடுக்கிறேன், காது மட்டும் சுவரில் இருக்கிறது. இன்னும் தறி ஓடவில்லை.

"சரி. உங்க வாப்பா ஒரு பரோட்டா வாங்கிட்டு வாராங்க. அதை மூணு பேருக்குப் பங்கு வச்சா உனக்குப் பெரிய துண்டு கிடைக்குமா, நாலு பேருக்கு வச்சாலா?"

"எங்க வீட்டுல ஆளுக்கு ரெண்டு பரோட்டா டீச்சர்."

"இன்னைக்கு ஒண்ணுதான் இருக்குன்னு வச்சுக்கோ."

"அப்ப இன்னும் வாங்கிட்டு வரச் சொல்லுவோம்."

"கடை மூடிட்டாங்க."

அவளுக்கு வருத்தமாகிவிட்டது. கொஞ்ச நேரம் அந்த ஒற்றைப் பரோட்டாவை மனதில் பார்த்தாள் போல. எனக்கு வகுப்பறை வாசனையே வந்துவிட்டது. பிள்ளை யோசிக்கும்போது டீச்சர் பேசக் கூடாது. பேசாமல் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் யாரும் பேசவில்லை, எதுவும் ஓடவில்லை. வீடு முழுக்க அவள் யோசிப்பதற்காகவே சும்மா இருப்பது போல இருந்தது.

"மூணு பேர்னாதான் எனக்கு நெறைய" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. "அப்ப மூணுல ஒண்ணுதான் பெருசு. ஆள் கூடக் கூடத் துண்டு சின்னதாப் போகுது."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் அம்மா, "மாஷா அல்லாஹ்" என்று சொன்னது கேட்டது.

அதற்குப் பிறகு நான் சுவரை மறந்துவிட்டேன். பாதி, கால், அரைக்கால் என்று எங்கெங்கோ போனோம். மணியைப் பார்த்தபோது வகுப்பு முடிந்திருந்தது. சென்னைப் பெண் தனியாக வந்து, ரிசல்ட்டுக்குக் காக்க வேண்டாம், அந்த அம்மாவே உங்களைத்தான் கேட்கிறார்கள், நாளையிலிருந்து தினமும் இதே நேரம், ஞாயிறு மட்டும் லீவு என்றாள். நான் தேங்க்யூ சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

கொட்டகைக்குப் போனேன். நான்கு தறிகளும் நான் விட்டுவந்தபடியே நின்றன. தறி ஓட்டும் அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இவர் சுவர் ஓரமாக, எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நேர் பின்னால், ஒரு நூல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிட்டா?" என்றார்.

"வேலை கிடைச்சிட்டு. நாளைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

"அந்தப் பிள்ளை கடைசில என்ன சொல்லிச்சு? நீ பேசுறது மட்டுந்தான் கேட்டுச்சு. பரோட்டாக் கடையை மூடிட்டு அப்புறம் சத்தத்தையே காணோம்."

சொன்னேன். ஆள் கூடக் கூடத் துண்டு சின்னதாகப் போகும் என்று அவளே கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அக்காவும் ஆட்டினார்.

"இனித் தெனமும் பதினோரு மணிக்கா?"

"தெனமும். ஞாயித்துக்கிழமை கிடையாது."

எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார். தறிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் அடுத்த சண்டைக்குத் தயாராகிவிட்டேன். மனதுக்குள் என் பக்க நியாயங்களைக்கூட அடுக்கிவிட்டேன்.

"தறிக்கு எண்ணெய் போடணும், பஞ்சு எடுக்கணும், துண்டு மடிக்கணும், புதுப் பாவு நூல் வந்தா இழை இழையா முடியணும்" என்றார். "சத்தமில்லாத வேலை எம்புட்டோ கெடக்கு. இங்கன அதையெல்லாம் கண்ட நேரத்துல செய்யுதோம். இனிமே பதினோரு மணிக்கு வச்சுக்கிடுவோம்." பிறகு மெயின் இருக்கும் பக்கம் நடந்துகொண்டே, "என்னக்கா, சரிதான?" என்று அக்காவைக் கேட்டார். "எனக்கென்ன, ஒரு மணி நேரம் உக்காந்து வேலை பாக்கலாம்லா" என்றார் அக்கா.

அடுக்கி வைத்திருந்த நியாயங்களில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்ததும், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். சந்தோஷத்தில்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுநாள் பின்னங்களைக் கூட்டுவதற்கு எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டே அரிசியைக் களைந்தேன்.